ஆறாவது கேள்வி

கீழ்த்தளத்துக் கவுண்டர்க்காரர்கள் தனக்கு 'ஒரு செகண்ட் சார்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது அன்று காலை பத்து மணி வரை அவருக்குத் தெரியாது.

ஒரு பெரிய மருத்துவமனையின் பின்கட்டில் இருந்தது அந்த ரத்தக் கொடையாளர் பதிவு மையம். கீழே ஐந்து கவுண்டர்கள். வார்டிலிருந்து சீட்டு வரும். கவுண்டரில் இருப்பவர் ரத்த வகையைத் தட்டுவார். அந்த வகைக்காரர்களில் பக்கத்தில் இருக்கும் இருபது பேரின் பெயரும் தொலைபேசி எண்ணும் திரையில் வரும். கூப்பிட்டுப் பேசுவார். அவ்வளவு பெயர்களும் அடங்கிய தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்வதுதான் நான்காம் மாடியில் இருந்த அவருடைய வேலை.

கெட்டிக்காரர். சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பழக்கம்: கேட்பவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவரிடம் பதில் தயாராகிவிடும். வீட்டில் மனைவியே சொல்வதுண்டு. "நான் என்ன கேக்கப் போறேன்னு தெரியாமலே 'ம், சரி'ங்கறீங்க. ஒருநாள் 'நான் எங்கம்மா வீட்டுக்கே போயிடறேன்'னு சொல்லிப் பாக்கப் போறேன்." அதற்கும் அவர் 'ம், சரி' என்றுதான் சொல்லியிருந்தார்.

இரண்டு வாரமாக மூன்றாம் கவுண்டர் அம்மா மூன்று முறை போன் செய்துவிட்டார். "சார், அபூர்வ வகை ரத்தம் கேட்டா பேரே வர மாட்டேங்குது. ஒரு நிமிஷம் சுத்திட்டு 'பதில் இல்லை'ன்னு நின்னுடுது." மூன்று முறையும் அவர் அதே கேள்வியைத் தன் திரையில் தட்டிப் பார்த்தார். பளிச்சென்று வந்தது. "எனக்கு ஒரு செகண்டுல வருதேம்மா. உங்க பக்கம் நெட்வொர்க்கைப் பாருங்க." அந்த அம்மாவும் "சரி சார்" என்று வைத்துவிடுவார்.

அன்று போன் வரவில்லை. அந்த அம்மாவே வந்தார். லிஃப்டில் நோயாளிகளுக்கு மட்டும்தான் இடம். முழங்கால் வலியோடு நான்கு மாடியும் ஏறி, மூச்சு வாங்க அவர் மேசை முன்னால் நின்றார். ஐம்பது வயதிருக்கும். கையில் அட்டை கிழிந்த ஒரு நோட்டு.

"சார், திட்டுறதுன்னா அப்புறமா திட்டுங்க. பிரசவம் ஆன பொண்ணு ஒருத்தி, ரத்தப்போக்கு நிக்கல. அதே அபூர்வ வகை. கையிருப்பு ஒரு பாக்கெட் ஏத்தியாச்சு, இன்னொண்ணு இல்ல. பன்னெண்டு மணிக்குள்ள வேணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நாலு தடவை தட்டிட்டேன், வரல. பக்கத்து கவுண்டர்லயும் வரல."

மணி பத்து பத்து. அவர் பழக்க தோஷத்தில் வாய் திறந்தார். "எனக்கு ஒரு செ—"

"தெரியும் சார். கீழ உங்க பேரே அதுதான். ஒரு செகண்ட் சார்." சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அந்த அம்மாவுக்கு உறைத்தது. "தப்பா நினைக்காதீங்க. பசங்க விளையாட்டுக்கு வெச்சது."

அவர் காது சிவந்துபோனது. உடனே திரையில் தட்டினார். ஒரே நொடியில் ஒன்பது வரிகள்.

"ஒம்போது பேரு!" அந்த அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "கடவுளே, இருக்காங்களா! பேரு எங்க சார்? நம்பரு?"

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரப் புள்ளிகள். எண் இருக்க வேண்டிய இடத்திலும் அதேதான். கொடையாளர் யார் என்பது கவுண்டர் திரையில் மட்டுமே திறக்கும். தரவுத்தளக்காரருக்குக்கூடத் தெரியக் கூடாது என்பது சட்டம். ஒன்பது உயிர்கள் எங்கோ நடமாடிக்கொண்டிருக்கின்றன. பார்க்க முடிந்தவரால் கூப்பிட முடியாது. கூப்பிட வேண்டியவரால் பார்க்க முடியாது.

அவர் மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். "வாங்க, கீழ போவோம்."

இந்த வேலையில் சேர்ந்து இரண்டு வருடத்தில் அவர் அந்தக் கூடத்துக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் கவுண்டருக்கு எதிரே காக்கிச் சட்டை போட்ட ஒருவர் நின்றிருந்தார். பஸ் டிரைவர். வண்டியைப் பாதியில் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்தவர். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கையில் ஒரு ஜோடி பெண்கள் செருப்பு. மனைவியை உள்ளே கொண்டுபோகும்போது கழற்றிக் கொடுத்தது. அதை எங்கே வைப்பது என்றுகூடத் தோன்றாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"அக்கா, கிடைச்சுதா?"

"ஒம்போது பேரு இருக்காங்க தம்பி. கூப்பிடத்தான் வழி தேடறோம்."

"இருக்காங்கன்னா கூப்பிட வேண்டியதுதானே அக்கா?" என்றார் டிரைவர். கோபமில்லை, புரியாமை. அந்தக் கேள்வி தரவுத்தளக்காரரைச் சுரீரென்று தைத்தது.

"ஒருதடவை தட்டுங்கம்மா. நான் பாக்கறேன்."

அந்த அம்மா தட்டினார். திரையின் நடுவே சிறு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பத்து நொடி. முப்பது. பின்னாலிருந்து டிரைவரின் மூச்சு கேட்டது. ஐம்பது. அறுபது. 'பதில் இல்லை.'

மேலே ஒரு நொடி. கீழே ஒரு நிமிடமும் போதவில்லை. அதே தரவுத்தளப் பெட்டி, அதே பெயர்கள், அதே கேள்வி. கம்பியில் கோளாறு இல்லை. சாதாரண வகை ரத்தம் கேட்டால் அதே கவுண்டரில் கண் சிமிட்டும் நேரத்தில் வந்தது.

"எப்பவுமே வரலையா?"

"எப்பவுமே இல்ல சார். அதைத்தான் சொல்ல வந்தேன், மூணு தடவையும் நீங்க..." அந்த அம்மா கிழிந்த அட்டை நோட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம். ஒவ்வொரு தேடலுக்கும் வரிசை எண், ரத்த வகை, வார்டு, நோயாளிக்கு உறவு என்ன என்பது. 'ஒன்று, தகப்பனார். இரண்டு, கல்லூரிப் பெண். மூன்று, யாரும் கூட வரவில்லை, பாவம்.'

"இதெல்லாம் எதுக்கும்மா? கணினியில பதிவாகுதே?"

"கணினியில நம்பர்தானே சார் பதிவாகுது? நான் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி இவங்களுக்காக ஒவ்வொரு வரி வேண்டிக்குவேன். யாரையும் விட்டுடக் கூடாதுல்ல? அதான் எண்ணி வைக்கறது."

அவர் பக்கங்களைப் புரட்டினார். இரண்டு வாரத்தில் அபூர்வ வகை ஆறு முறை கேட்கப்பட்டிருந்தது. ஒருநாள் இரண்டாவது கேள்வியாக: வந்தது. இன்னொரு நாள் நான்காவதாக: வந்தது. முப்பத்தோராவதாக: வரவில்லை. பதினேழாவதாக: வரவில்லை. ஐந்தாவதாக: வந்தது. அதே நாள், அடுத்த கேள்வியாக, ஆறாவதாக: வரவில்லை.

ஐந்து வந்தது. ஆறு வரவில்லை.

அவர் விரல் அந்த வரியிலேயே நின்றது. "அடக் கடவுளே" என்றார், மெதுவாக.

கவுண்டர் நிரல் ஒவ்வொரு முறையும் கேள்வியை முழுதாக அனுப்புவதில்லை. 'இன்ன வகை ரத்தம் உள்ள, பக்கத்தில் இருக்கிற, மூன்று மாதமாகக் கொடுக்காத இருபது பேர்' என்கிற கேள்வியின் சட்டகத்தை முன்கூட்டியே தரவுத்தளத்திடம் ஒப்படைத்துவைத்திருக்கும். பிறகு வகையை மட்டும் மாற்றி மாற்றி நிரப்பும். அவரோ மேலே சோதிக்கும்போதெல்லாம் வகையையும் சேர்த்து முழுக் கேள்வியையே தட்டிக்கொண்டிருந்தார். அது புதுக் கேள்வி. புதிதாக யோசித்து வழி கண்டுபிடிக்கும். கவுண்டர் கேட்பதுபோல அவர் ஒருநாளும் கேட்டுப் பார்த்ததே இல்லை.

மடிக்கணினியைக் கவுண்டர் பலகையில் வைத்து, இந்த முறை கவுண்டர் கேட்கிறபடியே சட்டகத்தை ஒப்படைத்துவிட்டுக் கேட்டார். ஒன்று: பளிச். இரண்டு, மூன்று, நான்கு: பளிச், பளிச், பளிச். ஐந்து: ஒன்பது வரிகள். ஆறாவது முறை விரலை அழுத்தினார்.

நின்றுவிட்டது.

"இதேதான்! எனக்கு ஆகற மாதிரியே ஆகுது!" என்றார் அந்த அம்மா. தன் நோவு இன்னொருவருக்கும் வந்துவிட்டதில் அப்படி ஒரு சந்தோஷம். "ஏன் சார் இப்படி?"

"பஸ் ஸ்டாண்டுல கண்ணாடி போட்டவங்க இருபது பேரைக் கூட்டிட்டு வான்னா என்ன பண்ணுவீங்க? வாசல்ல நின்னு எண்ணினாலே இருபது பேர் சேர்ந்துடுவாங்க. ஆறு விரல் இருக்கறவங்களைக் கூட்டிட்டு வான்னா?"

"ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சுப் பாக்கணும். பொழுது விடிஞ்சிடும்."

"ஆறு விரல்காரங்க லிஸ்ட் தனியா ஆபீஸ்ல இருக்கு. அங்க போனா ஒரு செ—" நாக்கைக் கடித்துக்கொண்டார். "உடனே கிடைச்சுடும். இந்தப் பெட்டி முதல் அஞ்சு கேள்விக்கு ஒவ்வொண்ணையும் யோசிச்சு வழி போடுது. ஆறாவதுலேர்ந்து, 'எல்லாம் ஒரே மாதிரிக் கேள்விதானே, எதுக்குத் திரும்பத் திரும்ப யோசிக்கணும்'னு பொதுவா ஒரு வழியை மனசுல வெச்சுக்குது. வாசல்லேர்ந்து எண்ணற வழி. போன மாசம் வரைக்கும் உள்ள இருந்ததே சில ஆயிரம் பேர்தான். எண்ணினாலும் தெரியல. மூணு வாரத்துக்கு முன்னாடி எல்லா ஊர்ப் பதிவையும் கொண்டுவந்து கொட்டினோம். இப்ப முப்பத்தெட்டு லட்சம் பேர்."

டிரைவர் திடீரென்று பேசினார். "பாலம் இடிஞ்சு டைவர்ஷன் போட்டிருக்கு. ரூட் மனப்பாடம்னு பழைய ரோட்லயே வண்டிய விட்டுட்டீங்க. அவ்வளவுதானே சார்?"

"அவ்வளவுதாங்க."

"அப்ப ரூட்டை மாத்துங்க சார்." குரல் உடைந்தது. "அவளுக்கு நேரம் இல்ல."

மணி பத்து நாற்பது.

மொத்தச் சேவையையும் நிறுத்தித் தொடங்கினால் சரியாகிவிடும். ஆனால் பன்னிரண்டு மருத்துவமனைகள் அதில் தொங்குகின்றன, மீண்டு வர அரை மணிக்கு மேல் பிடிக்கும். இன்னொரு வழி உண்டு. காலை ஏழு மணிக்குத் திறந்து நாள் முழுதும் மூடாமல் கிடக்கிற கவுண்டர் இணைப்பை மட்டும் வெட்டிவிடுவது. வெட்டினால் உடனே புதிதாக ஒன்று பிறக்கும். புது இணைப்புக்கு மனப்பாடம் எதுவும் இருக்காது. ஆனால் திரையில் ஐந்து இணைப்புகளும் ஒரே பெயரில் கிடந்தன. எது மூன்றாம் கவுண்டர் என்று சொல்ல வழியில்லை. ஐந்தையும் வெட்ட வேண்டும். அந்த நேரத்தில் இன்னொரு கவுண்டரில் யாராவது ஒரு நோயாளிக்கு ரத்தத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தால் அது பாதியில் அறுந்துபோகும். ஒரு உயிரைப் பிடிக்கப் போய் இன்னொரு உயிரின் கையை விட்ட கதையாகிவிடும்.

"அஞ்சு கவுண்டரும் ஒரு நிமிஷம் கைய எடுக்கணும். யாரும் எதையும் தட்டக் கூடாது. கேப்பாங்களா?"

ஒவ்வொரு கவுண்டருக்கு முன்னாலும் பத்துப் பேருக்குக் குறையாமல் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தன் அவசரம்தான் தலை போகிற அவசரம். தான் போய்ச் சொன்னால் ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது. யாருடைய முகமும் அவருக்குப் பழக்கமில்லை.

அந்த அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலிமேல் ஏறினார். "ஒரு நிமிஷம் எல்லாரும் இங்க பாருங்கப்பா! பிள்ளை பெத்த பொண்ணு ஒருத்தி உசுருக்குப் போராடிட்டு இருக்கா. கையில இருக்கறதை முடிச்சுட்டு, கீபோர்டுலேர்ந்து கைய எடுத்துடுங்க. ஒரே நிமிஷம். எனக்காக."

முதல் கவுண்டர்க்காரன் ஏதோ முணுமுணுத்தான். ஆனால் அவனுடைய தங்கைக்குப் பரீட்சை என்று போன மாதம் அவன் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர் அந்த அம்மாதான். தட்டிக்கொண்டிருந்ததை முடித்துவிட்டுக் கையை உயர்த்தினான். இரண்டாவது, நான்காவது, ஐந்தாவது. எட்டுக் கைகள் மேலே நின்றன. வரிசையில் இருந்தவர்கள்கூட எதற்கென்று தெரியாமலே அவரவர் கைச் சீட்டைக் கீழே இறக்கிக்கொண்டார்கள்.

"கொள்ளைக்காரன் துப்பாக்கியைக் காட்டின மாதிரி நிக்கறோம். சீக்கிரம், ஒரு செகண்ட் சார்!" என்றாள் நான்காம் கவுண்டர்ப் பெண். சிரிப்பும் நடுக்கமுமாக இருந்தது அந்தக் குரல்.

அவர் ஐந்து இணைப்புகளையும் வெட்டினார். திரையில் ஐந்து வரிகளும் மறைந்தன. ஒன்று... இரண்டு... மூன்று நொடி ஒன்றுமே இல்லை. பிறகு ஒவ்வொன்றாக ஐந்து புது வரிகள் முளைத்தன.

"இப்ப தட்டுங்கக்கா." அம்மா எப்போது அக்காவானார் என்று அவரே கவனிக்கவில்லை. "அஞ்சு தடவைதான் பிழைக்க விடும். வகையைச் சரியாப் பாத்துக்குங்க."

அந்த அம்மா சீட்டை இரண்டு முறை படித்து, உதடு அசைய எதையோ வேண்டிக்கொண்டு தட்டினார்.

ஒன்பது பெயர்கள். ஒன்பது எண்கள்.

டிரைவரின் கையிலிருந்து ஒரு செருப்பு நழுவி விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

முதல் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டாமவர் வெளிநாடு போய்விட்டாராம். மூன்றாமவருக்குக் காய்ச்சல். நான்காவது எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொருவரிடமும் அந்த அம்மா ஒரே மாதிரிதான் தொடங்கினார்: "வணக்கம், நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?" மணி பத்து ஐம்பத்தைந்து. பக்கத்தில் நின்றிருந்தவருக்கு நெருப்பின்மேல் நிற்பதுபோல் இருந்தது. "அக்கா, விஷயத்தை முதல்ல சொல்லுங்களேன்!"

அந்த அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு, "சாப்பிடாத ஆள்கிட்ட ரத்தம் எடுக்க மாட்டாங்க சார். ரெண்டு வேலையும் ஒரே கேள்வியில முடியுது" என்றார்.

ஐந்தாவது ஆள் ஒரு பூச்சு வேலைக்காரர். "எந்த ஸ்கீமும் வேண்டாம், சாரத்து மேல நிக்கறேன், வைங்க" என்று எடுத்த எடுப்பில் எரிந்து விழுந்தார். "ஸ்கீம் இல்லண்ணே. சாப்பிட்டீங்களா?" என்று கேட்டதும் அவர் குரல் இறங்கியது. "...சாப்பிட்டேன். யாரு நீங்க? என்ன வேணும்?" விஷயத்தைக் கேட்டவர், "இறங்கிட்டேன், இறங்கிட்டேன். ஆனா இங்கேர்ந்து பஸ்ஸு ஒண்ணும் சீக்கிரம் வராதே?" என்றார்.

"எந்தத் தெரு?" டிரைவர் கேட்டார். தெருப் பெயரைக் கேட்டதுமே தன் போனை எடுத்தார். "அது நம்ம வண்டி ஓடற பக்கம்தான் அக்கா, ரெண்டு தெரு தள்ளி." தன்னுடைய பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்த சக டிரைவரைக் கண்டக்டர் மூலம் பிடித்தார். "மச்சான், ரூட்டை விட்டு ரெண்டு தெரு உள்ள போகணும். ஆமா, வண்டி நிறைய ஆள் இருந்தாலும். நீ சொல்லிப் பாரு. என் சம்சாரத்துக்குன்னு சொல்லிப் பாரு."

நாற்பத்தொரு பயணிகளோடு அந்த பஸ் அன்று ரூட்டை விட்டுப் போயிற்று. ஒரே ஒருவர் மட்டும் எனக்கு நேரமாகிறது என்று சத்தம் போட்டார். பூச்சு வேலைக்காரர் ஏறியதும் உட்கார இடம் கொடுத்தவரும் அவர்தானாம். இதைக் கண்டக்டர் பிற்பாடு சொன்னார்.

பதினொன்று இருபதுக்கு முழங்கை வரை சிமெண்ட் காய்ந்த ஒரு மனிதர் கூடத்துக்குள் ஓடி வந்தார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ரத்தம் மேலே போயிற்று.

அடுத்த ஒரு மணி நேரம் தரவுத்தளக்காரர் மூன்றாம் கவுண்டரின் ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கேள்விக்கு மட்டும் மனப்பாட வழியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்கும்படி அமைத்தார். அதனால் கூடுதலாகிற நேரத்தை அளந்து பார்த்தார். நொடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு. இவ்வளவு சொற்ப நேரத்தை மிச்சம் பிடிக்கவா அந்தப் பெட்டி யோசிக்காமல் இருந்தது என்று நினைத்தார். பெட்டியைப் பற்றி மட்டுமல்ல, தன்னைப் பற்றியும் அவர் அப்படித்தான் நினைத்தார்.

ஒன்றேகாலுக்கு நர்ஸ் வந்து, ரத்தப்போக்கு நின்றுவிட்டது, கண் விழித்தாள் என்றார். டிரைவர் அழுதபடியே சிரித்தார். "முதல்ல என்ன கேட்டா தெரியுமா அக்கா? 'என் செருப்பு எங்க'ன்னு கேட்டாளாம்!" கவுண்டருக்கடியில் கிடந்த இன்னொரு செருப்பை அந்த அம்மா குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

இறைவன் பெரிய காரியங்களுக்கான சாவியைச் சின்ன மனிதர்களின் நோட்டுப் புத்தகங்களில்தான் வைக்கிறான். எடுத்துப் பார்க்க நாம் நான்கு மாடி இறங்கி வர வேண்டும்.

கூட்டம் குறைந்ததும் அவர் அந்த நோட்டை மறுபடி கேட்டு வாங்கினார். முப்பத்தோராவது கேள்வியின் வரியில் விரலை வைத்தார். "இவரு?"

"பெரியவர் ஒருத்தர் சார். இங்க பேர் வரலைன்னதும் வேற ஊருக்குக் கொண்டுபோயிட்டாங்க. அவர் மகன் நம்பர் ஓரத்துல இருக்கு. கூப்பிட எனக்குத் தைரியம் வரல. வேண்டிக்க மட்டும் செஞ்சேன்."

அவர் அந்த எண்ணைத் தன் போனில் அழுத்தினார். எடுத்ததும், "பதிவு மையத்துலேர்ந்து பேசறேங்க. அன்னைக்கு உங்க அப்பாவுக்கு ரத்தம் இல்லைன்னு சொன்னது எங்க தப்பு. என் தப்பு. அவர் எப்படி இருக்கார்?" என்றார்.

மகன் பேச ஆரம்பித்தார். இரண்டு நாள் அலைந்ததையும், ஆம்புலன்ஸில் அப்பா தண்ணீர் தண்ணீர் என்று கேட்டதையும், உயிர் தங்கியது ஆனால் இன்னும் எழுந்து நடக்கவில்லை என்பதையும் சொன்னார். நடுநடுவே நல்ல வசவும் விழுந்தது. மூன்று இடங்களில் அவருக்குச் சொல்லப் பதில் இருந்தது. தொழில்நுட்பக் காரணமும் இருந்தது. அந்த அம்மா ஒரு டம்ளர் தண்ணீரைச் சத்தமில்லாமல் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த சீட்டை வாங்கினார்.

மகன் பேசி முடிக்கும் வரை அவர் வாய் திறக்கவில்லை.